சைக்காலஜி முடித்தவர்களுக்கு வேலை எங்கே இருக்கிறது, கையில் என்ன தொழில் தெரிந்திருக்க வேண்டும்?

நெல்லைச்சீமை22:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி செமஸ்டர் படிக்கிறேன். அப்பா லாரி ஷெட் வைத்திருக்கிறார். இந்தப் பாடத்தை எடுக்கிறேன் என்றபோது ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. இப்போது சொந்தக்காரர்கள் "முடிச்சா என்ன வேலைம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வருடத்தில் ஃப்ராய்டு, பியாஜே, பாவ்லோவ் எல்லாரையும் படித்தாயிற்று. மார்க்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் எதிரில் உட்கார்ந்து "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாது. லேபில் நாங்கள் செய்ததெல்லாம் பக்கத்து பெஞ்சு தோழிக்கு கண்ணை ஏமாற்றும் முல்லர் லையர் கோட்டைக் காட்டியதும், அவள் எனக்குக் காட்டியதும்தான்.

சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் பக்கம் போ என்கிறார் ஒருவர், அதற்குப் படிக்க வேண்டிய எம்ஃபில்லே நின்றுவிட்டது என்கிறார் இன்னொருவர், பேசாமல் எச்.ஆர். போய்விடு என்கிறார் மூன்றாமவர். இதற்கிடையில் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம்: மூன்று மாத ஆன்லைன் வகுப்பு, 18,000 ரூபாய், முடித்தால் "சர்டிஃபைடு சைக்கோதெரபிஸ்ட்". வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் தள்ளுபடி. அப்பா கட்டத் தயார் என்கிறார். சேரலாமா? இல்லை என்றால் இந்த இரண்டு மூன்று மாதத்தில் நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

கீழ்ப்பாக்கம்பஸ்:

தங்கச்சி, முதலில் அந்த 18,000 ரூபாயை அப்பாவிடமே வைத்துக்கொள்ளச் சொல். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் பதினோரு வருடமாக கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். இந்த விஷயத்தில் குழப்பம் ஏன் வருகிறது என்றால் "சைக்காலஜிஸ்ட்", "கவுன்சிலர்", "தெரபிஸ்ட்" என்று பெயர்ப்பலகை வைப்பதை யாரும் தடுப்பதில்லை என்ற நினைப்பு ஊரெல்லாம் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டம் இருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், நாம் ஆர்சிஐ என்று சொல்வது, அதன் பதிவேட்டில் உன் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் வருடச் சட்டத்தின் 13ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பார், பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, இல்லை ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் என்று இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று தனியாக வரையறுத்திருக்கிறது. மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் அந்த இரண்டு சட்டத்திலும் எங்கேயும் வராது.

எம்ஃபில் விஷயம். புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022இல் எம்ஃபில்லையே நிறுத்தியது உண்மை. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தார்கள். அதன் இடத்துக்கு ஆர்சிஐ புதிய படிப்புகளைக் கொண்டு வந்துகொண்டிருக்கிறது. அதனால் சீனியர் சொன்னது, நான் சொல்வது எதையும் நம்பி விண்ணப்பம் போடாதே. ஆர்சிஐ இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் படிப்பின் பெயர், எந்தக் கல்வியாண்டு வரை அனுமதி என்ற மூன்றையும் நீயே பார்த்துப் பிரதி எடுத்து வை. கல்லூரி விளம்பரத்தில் "கிளினிக்கல்" என்ற சொல் இருப்பதால் மட்டும் பதிவு கிடைத்துவிடாது. எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி என்று பெயர் போட்டு இரண்டு வருடம் படிக்க வைத்து, பிறகு ஆர்சிஐ பதிவு இல்லை என்று தெரிந்து என் அறையில் வந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பெங்களூரில் இருக்கிறது, இங்கேயே சென்னை பக்கம் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான நீப்மெட் இருக்கிறது. இடம் குறைவு, நுழைவுத்தேர்வு கடினம். ஆனால் அங்கே இரண்டு வருடம் தினமும் நோயாளியைப் பார்ப்பாய், உன்னைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பின்னால் நிற்பார். இந்தத் தொழிலில் அந்தப் பின்னால் நிற்கும் ஆள்தான் முக்கியம்.

ஒன்று சொல்கிறேன். என் பயிற்சிக் காலத்தில் முதல் வாரம், குழந்தையின் அறிவுத்திறனைப் பார்க்கும் சீகன் ஃபார்ம் போர்டு சோதனை. மரப்பலகையில் பத்து வடிவம் குழித்திருக்கும், பத்து மரக்கட்டை, அதை மூன்று அடுக்காக வைத்துக் குழந்தையிடம் கொடுப்போம். மூன்று தடவை செய்ய வைத்து, ஆகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வோம். நான் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வயதுப் பையன், தர்மபுரிப் பக்கம், இரவு பஸ் ஏறி வந்திருந்தார்கள். மூன்று தடவையும் ரொம்ப மெதுவாகச் செய்தான், நான் நேரத்தைக் குறித்து மேடத்திடம் நீட்டினேன். "நட்சத்திரத்தை எடுத்துட்டு எத்தனை தடவை அம்மா பக்கம் திரும்பினான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. "காலையில சாப்பிட்டானா?" அதுவும் தெரியாது. வெளியே அனுப்பி இட்லி வாங்கிக் கொடுத்து, மதியம் அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அவரே வேறு சோதனையை எடுத்தார். எழுதியது வேறு ரிப்போர்ட். அந்தத் தாளை வைத்துத்தான் அவனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை, பள்ளி எல்லாம் முடிவாகும். இதை எந்த ஆன்லைன் வீடியோவும் உனக்குக் கற்றுத்தராது.

ஸ்கூல்மணி_மதுரை:

அக்கா சொன்னதற்கு மேல் கிளினிக்கல் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இனி வரும் வருடங்களில் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் வேலைக்குப் போகும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மாணவி இறந்த வழக்கில் தீர்ப்பு சொல்லும்போது, நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஒரு கவுன்சிலரையோ சைக்காலஜிஸ்டையோ சோஷியல் வொர்க்கரையோ வைத்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. கோச்சிங் சென்டருக்கும் சேர்த்துத்தான். காகிதத்தில் இருப்பது எல்லாப் பள்ளிக்கும் வந்துவிட்டதா என்றால் வரவில்லை. ஆனாலும் முன்பு பத்து பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்பினால் ஒருவர்கூடத் திரும்பிக் கூப்பிடாத நிலை இப்போது இல்லை.

நான் எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி. முதலில் சேர்ந்த பள்ளியில் 15,000 ரூபாய். ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பரீட்சை மேற்பார்வை, ஆண்டு விழா நடனம் எல்லாம் என் தலையில். எனக்குக் கொடுத்த அறை முதல்வர் அறைக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் நடுவில், கண்ணாடித் தடுப்பு. அந்த நாற்காலியில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று தாழ்வாரத்தில் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆறு மாதத்தில் தானாக வந்த பிள்ளைகள் நான்கு பேர். இரண்டாவது வேலையில் சேருவதற்கு முன்பே மூன்று விஷயத்தை எழுதி வாங்கினேன்: மூடிய கதவுள்ள அறை, மாற்று வகுப்பு கிடையாது, பிள்ளை சொன்னதை நிர்வாகத்திடம் அப்படியே சொல்ல மாட்டேன். சம்பளத்தை விட அதற்காகத்தான் அதிகம் பேசினேன், நீயும் பேசு.

அந்த மூன்றாவது விஷயத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை உன் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களா தெரியவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளை பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால், போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி நீ போலீசுக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது அங்கே செல்லாது. அதனால் முதல் நாளே பிள்ளையிடம், "நீ சொல்றதை யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உன்னைப் பாதுகாக்க வேற ஆளைக் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் அந்தப் பிள்ளை, நாம் துரோகம் செய்துவிட்டதாக நினைக்கும்.

நெல்லைச்சீமை22:

ரொம்ப நன்றி அக்கா, ரெண்டு பேருக்கும். போக்சோ 19 பற்றி எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் ஒரு பயம். கிளினிக்கல் இடம் கிடைக்கவில்லை என்றால் மூன்று வருடம் வீணா?

ஓஎம்ஆர்_ஆறாம்மாடி:

வீணில்லை. இந்த இழையில் எல்லாரும் கவுன்சிலிங் பற்றியே பேசுகிறீர்கள், அதை நான் கொஞ்சம் மறுக்கிறேன். சைக்காலஜி படித்தவர் எல்லாரும் பிறர் துக்கம் கேட்கத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு அந்த வேலை ஒத்துவராது என்று இரண்டாம் வருட இன்டர்ன்ஷிப்பிலேயே தெரிந்தது. ஒரு போதை மீட்பு மையத்தில் பதினைந்து நாள். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதை ஒத்துக்கொண்டது நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

இப்போது யூசர் ரிசர்ச் செய்கிறேன். ஒரு செயலியை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று போய்ப் பார்த்து, கேட்டு, எழுதுவது. போன வருடம் பணம் அனுப்பும் செயலி ஒன்றுக்காகத் திண்டிவனத்தில் ஒரு உரக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர், ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டி, பச்சை டிக் வந்த பிறகும் நகராமல் நின்றார். எங்கள் டீம் ஆட்கள் அவருக்குத் திரை புரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். நான் "இப்ப என்னங்கய்யா பார்க்கிறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொட்டி சத்தம் குடுக்கல தம்பி" என்றார். கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி பணம் வந்ததைச் சொன்னால்தான் அவருக்குப் பணம் போனதாகக் கணக்கு. திரையில் எத்தனை டிக் போட்டாலும் அவருக்கு அது பொருட்டே இல்லை. வடிவமைப்பாளர்கள் அந்த ஒரு வரியை வைத்து இரண்டு வாரம் வேலை செய்தார்கள்.

"திரை புரியலையா ஐயா?" என்று கேட்டிருந்தால் "ஆமா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்காதே என்று பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் படித்தோமே, அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

எச்.ஆர். பற்றி. வெறும் "மக்களோடு பழகுவேன்" என்று போனால் எம்பிஏ படித்தவரோடு போட்டி போட முடியாது. ஆனால் ஒரு தேர்வுமுறை நம்பகமானதா, அது அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவர் அந்த அறையில் நாம் ஒருவர்தான். எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்டு, மதிப்பெண் அளவுகோலை முன்கூட்டியே எழுதிவைத்து நேர்காணல் நடத்துவது எப்படி என்று நான் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தேன். சாதாரணமான விஷயம். அதுவரை அங்கே மேலாளர் "பையன் பார்க்க நல்லா இருக்கான்" என்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்.

தேவையானது: எக்செல் சரளமாக வேண்டும். எழுத்து வேண்டும், இருபது பக்க ஆய்வை ஒரு பக்கத்தில் சொல்லும் எழுத்து. அப்புறம் புள்ளியியல், அதை டீச்சரம்மா யாராவது வந்து சொல்லட்டும்.

சுண்ணாம்புக்கட்டி:

கூப்பிட்டது கேட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் சைக்காலஜி நடத்துகிறேன். பிள்ளைகள் கணக்குக்குப் பயந்து இந்தப் பாடத்துக்கு வருகிறார்கள், வந்த இடத்தில் புள்ளியியல் நிற்கிறது. அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதிக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் பெரிய இழப்பு.

புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ் வாங்க முடியவில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம், ஆர் இலவசம். உன் மூன்றாம் வருட புராஜெக்ட் தரவை எடுத்து நீயே மறுபடி ஓட்டிப் பார். அந்த பி மதிப்பு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று உன் அப்பாவுக்குப் புரியும்படி ஷெட்டில் உட்கார்ந்து சொல்ல முடிந்தால் உனக்குப் புள்ளியியல் தெரியும் என்று அர்த்தம்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு யுஜிசி நெட் அல்லது மாநில செட் தகுதித் தேர்வு. நெட்டில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்டத்துக்கு மாதம் 37,000 ரூபாய். அதை நம்பித் திருமணத்தைத் தள்ளிவைத்த என் மாணவிகள் மூன்று பேர் இன்று பேராசிரியர்கள். இன்னும் ஒன்று, டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், அந்த வழியிலும் போகலாம், அது தோல்வி கிடையாது. என் மாணவன் ஒருவன் இன்று வருவாய்த்துறையில் இருக்கிறான். மனு கொடுக்க வருகிறவர்களிடம் பேசுவதற்கு அவன் படித்தது உதவுகிறது என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்து சொல்கிறான்.

ரெண்டாம்இன்னிங்ஸ்:

நான் வயதில் உன் அம்மாவுக்குச் சமம் இருப்பேன்மா. பிள்ளைகள் வளர்ந்த பிறகு தொலைநிலையில் எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தேன். அந்த வழி இப்போது மூடிவிட்டது என்பதை உன்னைப் போல இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. 2021இல் வந்த இணை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் சைக்காலஜிஸ்ட் சேர்க்கப்பட்டிருப்பதால் இந்த முடிவு. இன்னும் யாராவது "வீட்டிலிருந்தே முதுகலை" என்று கூப்பிட்டால் போகாதே.

கஷ்டமாகத்தான் இருக்கிறது, என்னைப் போல வீட்டுப் பெண்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு மனிதரைக்கூடச் சந்திக்காமல் பட்டம் வாங்கினேன். பிறகு ஒரு சிறப்புப் பள்ளியில் ஒன்றரை வருடம் சம்பளமில்லாமல் உதவியாளராக இருந்துதான் ஏதோ கற்றுக்கொண்டேன். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குச் சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடுக்க நான்கு மாதம் ஆனது. முதலில் கடைசிப் படியை மட்டும் அவன் செய்வான், பாதி நுழைந்த பித்தானை இழுத்துவிடுவது. மற்றதெல்லாம் நான். அப்புறம் கடைசி இரண்டு படி. பின்னாலிருந்து முன்னால் வருவது. அவன் அம்மா தினமும் காலையில் அதே மாதிரி வீட்டில் செய்தார், அதனால்தான் நடந்தது. இப்படிப் படிப்படியாகப் பழக்குவதற்கு அடிப்படை போட்ட ஸ்கின்னரைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புறாவும் எலியும்தான் ஞாபகத்தில் நின்றது.

வெட்டிப்பேச்சுவேலன்:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். சான்றிதழ், பதிவு, சட்டம் என்று இவ்வளவு சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இருந்தார், புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அவர் திண்ணைக்குத்தான் போவார்கள். காது கொடுத்துக் கேட்பார், அவ்வளவுதான். எத்தனை குடும்பம் பிழைத்தது. இன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் கேட்கிறவர் அதைவிட என்ன செய்கிறார்? மனசு இருந்தால் போதாதா?

மணியடிச்சா_எடுப்பேன்:

வேலன் சார், கேட்டது நியாயமான கேள்வி. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸ் மாதிரி ஓர் எண்ணில்தான் நான் வேலை செய்கிறேன், எந்த எண் என்று சொல்ல வேண்டாம். மனசு வேண்டும். அது போதாது என்பதை எனக்கு ஓர் அழைப்பு காட்டியது.

அதற்கு முன் ஒன்று. படிக்காதவர் கேட்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சென்னையில் சினேகா 1986இலிருந்து இருக்கிறது, தற்கொலை எண்ணம் உள்ளவர்களோடு பேசுகிறவர்கள் தன்னார்வலர்கள். ஆனால் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, பிறகுதான் போன் எடுக்க விடுவார்கள். தாங்கள் சிகிச்சை கொடுக்கிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை. உங்கள் ஊர்ப் பெரியம்மாவும் தெரபிஸ்ட் என்று பலகை வைக்கவில்லை. குழப்பம் பலகை வைக்கும்போதுதான்.

இப்போது அந்த அழைப்பு. சேர்ந்து இரண்டாம் மாதம். விழுப்புரம் பக்கம் ஓர் அக்கா, "நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு, வயித்துல ஏதோ புரளுது, யாரோ வச்சிட்டாங்க" என்றார். நான் ஆங்கிலத்தில் படித்தவள். என் தலைக்குள் ஓடியதெல்லாம் டிப்ரஷனுக்கான ஒன்பது அறிகுறி. வரிசையாகக் கேட்டேன், "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா? எதிலும் ஆர்வம் இல்லாமல் இருக்கிறதா?" அவர் "அதெல்லாம் இல்லம்மா" என்று வைத்துவிட்டார். பக்கத்து இருக்கையிலிருந்த சூப்பர்வைசர் பதிவைக் கேட்டுவிட்டு, "மனச்சோர்வுன்னு எந்த வீட்டுல பேசுறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஜனங்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுகிறேன். "மனசு ஒரு நிலையில இல்ல", "தலை கிறுகிறுங்குது", "ஒப்பல", "வெறிச்சுனு இருக்கு", "நான் இருந்து என்ன பிரயோஜனம்". கடைசியாக எழுதியது சாதாரணப் புலம்பலாகவும் இருக்கும், சாகப்போகிறேன் என்பதாகவும் இருக்கும். அதை நேரே கேட்க வேண்டும், "உயிரை விட்டுடணும்னு தோணுதாக்கா?" என்று. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று எல்லாருக்கும் பயம், எனக்கும் இருந்தது. கேட்பதால் தூண்டுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன, கேட்ட பிறகு எதிர்முனையில் வரும் நீண்ட மூச்சையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா, வீட்டுல மருந்து இருக்கா, பக்கத்துல யாரு இருக்காங்க" என்று அடுத்தடுத்துக் கேட்கவும், அந்தப் பூச்சிமருந்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லவும், பிறகு யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருக்கவும் பயிற்சி வேண்டும், சார். மனசு மட்டும் இருந்த நாளில் நான் அந்த அக்காவை இழந்தேன். இழந்தேனா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது, அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை.

தங்கச்சி, நெல்லைக்காரப் பெண்ணே, உனக்கு என்ன திறமை வேண்டும் என்று கேட்டாயே. உன் ஊர்ப் பேச்சு உன்னிடம் இருக்கிறது. சென்னையில் படித்த என்னிடம் அது இல்லை, சம்பாதிக்க வேண்டியிருந்தது. வருகிறவரின் பின்னணியைக் கேட்டு எழுதும் கேஸ் ஹிஸ்டரி படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியையும் உன் ஆச்சிக்குப் புரியும்படி தமிழில் எழுதிப் பார். நாற்பது கேள்விக்கு ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு வேலையைச் செய்தவர்களை நேர்காணலில் உடனே அடையாளம் தெரியும்.

வெட்டிப்பேச்சுவேலன்:

ஒத்துக்கொள்கிறேன்மா. அந்த நோட்டை என்றைக்காவது அச்சில் போடுங்கள், நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

ஸ்கூல்மணி_மதுரை:

விட்டுப்போனது ஒன்று. மாவட்ட அளவில் நிறைய ஒப்பந்த வேலைகள் இருக்கின்றன, யாரும் சொல்வதில்லை. ஒருங்கிணைந்த சேவை மையம், 181 மகளிர் உதவி எண், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனை மையம், மாவட்ட மனநலத் திட்டம். சில இடத்தில் சைக்காலஜி, சில இடத்தில் சமூகப்பணிப் படிப்பு, சில இடத்தில் இரண்டும் என்று கேட்பார்கள். போக்சோ வழக்கில் குழந்தையோடு நீதிமன்றம் வரை கூடவே போகும் துணை நபர் வேலையும் அப்படித்தான், 2020 விதிகளில் இருக்கிறது. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், பத்து நாள்தான் அவகாசம் தருவார்கள். திங்கள்தோறும் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள். ஒப்பந்தம் நிரந்தரமில்லை, சம்பளமும் பெரிதில்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் அங்கே இருந்தவருக்குத் தெரியும் சட்டமும் ஊரும் வேறு எங்கேயும் கிடைக்காது.

கீழ்ப்பாக்கம்பஸ்:

அந்த வேலைகளுக்குப் போனால் சூப்பர்விஷனை நீயே தேடிக்கொள். அங்கே பெரும்பாலும் தனியாக விட்டுவிடுவார்கள். மாதம் இரண்டு முறை ஒரு சீனியரிடம் உன் கேஸ்களைச் சொல்லி, எங்கே தவறு செய்தாய் என்று கேட்டுக்கொள். பெயர், ஊர் எதையும் சொல்லாமல். இந்த இழையில் இருக்கிற யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டோம்.

நெல்லைச்சீமை22:

எல்லாரும் எழுதியதை அப்பாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஷெட்டில் வேலை செய்கிறவர்களும் கேட்டார்கள். ஒன்று முடிவாகிவிட்டது: மே மாதத்திலிருந்து வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் காலை வேளை மட்டும் உதவியாளராகப் போகிறேன், நேற்று போய்ப் பேசிவிட்டு வந்தேன். முதுகலைக்கு விண்ணப்பம் போட ஆர்சிஐ பட்டியலைப் பிரதி எடுத்துவிட்டேன். கேஸ் ஹிஸ்டரியில் பன்னிரண்டு கேள்வியைத் தமிழில் எழுதி ஆச்சியிடம் கேட்டேன். "பசி எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஆச்சி, "சோறு எறங்குதான்னு கேளு, பசின்னு கேட்டா எல்லாவளும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா" என்றார். மாற்றிவிட்டேன்.

இன்னொரு விஷயம், இதற்குத்தான் அவசரமாக எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் எங்கள் டிரைவர் அண்ணன் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டதாம், இன்னும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. "நீ பாக்குறியாம்மா?" என்றார். நான் பார்க்கக் கூடாது, எனக்கு அதற்குப் படிப்பு இல்லை, எங்கே போக வேண்டும் என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் போதுமா? முதலில் என்ன கேட்கச் சொல்ல வேண்டும்?

கீழ்ப்பாக்கம்பஸ்:

போதும்மா. குழந்தைகள் பிரிவில் போய், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்கச் சொல், டிஇஐசி என்றால் அங்கே தெரியும். முதலில் காது கேட்கும் சோதனை, பெரா என்பார்கள். காது சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் ஆட்டிசம் என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். பிறந்தபோது அழுதானா, எடை என்ன, வலிப்பு வந்ததா என்பதையெல்லாம் அவன் அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பு, உன் ஆச்சி தமிழிலேயே எழுது. குழந்தை வீட்டில் விளையாடுவதைப் போனில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு போகட்டும், அங்கே புது இடத்தில் அவன் எதுவும் செய்ய மாட்டான். இந்த வாரமே போகச் சொல்.